காற்றுக்குப் பட்டா உண்டோ?

காற்றை ஏவல் கொண்ட மனிதனின் வரலாறு நெடியது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் மறைந்த வரலாற்றாசிரியர் மஸ்ஊதி, சிஜிஸ்தான் நாட்டைக் காற்றும் மணலும் மிகுந்த நாடு என்று குறிக்கிறார். அங்குள்ள மக்கள் காற்றைக் கொண்டே ஆலைகளைச் சுழற்றியதையும், கிணற்று நீரை இறைத்துத் தோட்டங்களுக்குப் பாய்ச்சியதையும் அவர் எழுதி வைத்துள்ளார். கடலிலும் அவ்வாறே. பருவத்தைக் குறிக்கும் ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல்லே ‘மான்சூன்’ என உலக மொழிகளில் வழங்கலாயிற்று. அப்பருவக்காற்றை நம்பியே கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் லாமு, மொம்பாசா துறைகளுக்கு மரக்கலங்கள் வந்து மீண்டன. பாய் விரிக்கத் தெரிந்த எவர்க்கும் அக்காற்று பயன்பட்டது.

அதே ஆப்பிரிக்கக் கண்டத்தில் இன்று காற்று மின்சாரமாக மாறி வருகிறது. சகாராவுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கோடி மக்கள் மின்விளக்கின்றி வாழும் நிலையில், இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்தப் புதிய வரலாற்றை உற்று நோக்கினால் ஒரு வினா எழுகிறது. காற்று எல்லோர்க்கும் பொது. அதைப் பிடிக்க ஊன்றும் கோபுரத்தின் அடியிலுள்ள நிலம் யாருடையது?

தொடக்கத்தில் இவ்வினா பெரிதாக எழவில்லை. 1993-இல் எகிப்தின் ஹுர்கதாவிலும் கென்யாவின் நாங் குன்றுகளிலும் சிறிய அளவில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர் எகிப்து, சூயஸ் வளைகுடாக் கரையிலுள்ள ஸஅஃபரானாவில், ஜெர்மனி, டென்மார்க், ஸ்பெயின், ஜப்பான் ஆகிய நாடுகளின் துணையுடன் படிப்படியாகக் கட்டி, 2010-க்குள் 545 மெகாவாட் திறனை எட்டியது. இப்னு பதூதா பிறந்த தாஞ்சியர் நகருக்கு அண்மையில், தெதுவான் மலைப்பகுதியில், 2000-ஆம் ஆண்டில் 84 காற்றாலைகள் எழுந்தன. 2014-இல் மொராக்கோவின் தென்கோடிக் கடற்கரையான தர்ஃபாயாவில் 131 காற்றாலைகள் 301 மெகாவாட் திறனுடன் இயங்கத் தொடங்கின.

கென்யாவின் துர்கானா ஏரிக் கரைக்கு வரும்போதுதான் நம் வினா கூர்மை பெறுகிறது.

இந்து மாக்கடல் பக்கமிருந்து தென்கிழக்காக வரும் காற்று, எத்தியோப்பிய மேட்டுநிலத்திற்கும் கென்ய மேட்டுநிலத்திற்கும் இடைப்பட்ட தாழ்வில் புகுந்து, ஒடுங்கி, விரைவு மிகுந்து வீசுகிறது. ஆண்டு முழுவதும் தளராத அக்காற்றைக் கண்டவர்கள், லொயாங்கலானிக்கு அருகே தலா 850 கிலோவாட் திறனுள்ள 365 காற்றாலைகளை நாட்டினர். மொத்தம் 310 மெகாவாட். செலவு 60 கோடி யூரோவுக்கு மேல். பொறிகளை ஏற்றி வருவதற்கு 200 கிலோமீட்டருக்கு மேல் சாலையைச் செப்பனிட வேண்டியிருந்தது.

காற்றாலைகள் 2017-இல் ஆயத்தமாகி நின்றன. மின்சாரத்தைச் சூஸ்வா வரை கொண்டு செல்லும் நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மின்தடமோ முடியவில்லை. அப்பணியை ஏற்ற ஸ்பானிய நிறுவனம் நொடித்துப் போயிற்று. சீன நிறுவனங்கள் வந்து 2018-இல் முடித்தன. இடைக்காலத்தில் விசிறிகள் பயனின்றி நிற்க, ஒப்பந்தப்படி அதற்கான இழப்பைக் கென்ய அரசு ஈடுசெய்ய நேர்ந்தது. காற்று இலவசம், அதைச் சுமந்து செல்லும் கம்பி இலவசமன்று என்னும் பாடத்தை ஓர் ஏழை நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது.

இதனினும் பெரிய பாடம் நிலத்தைப் பற்றியது. இத்திட்டத்துக்கென 1,50,000 ஏக்கர் நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. கோபுரங்கள் நிற்பது அதில் சிறு பகுதியே. ரெண்டில்லே, சம்புரு, துர்கானா முதலிய கால்நடை மேய்ப்போர் தலைமுறை தலைமுறையாக ஒட்டகமும் ஆடும் ஓட்டித் திரியும் மேய்ச்சல் வெளி அது. தம்மை முறைப்படி கலந்து கொள்ளாமலே நிலம் கைமாறிற்று என்று அவர்களுள் சிலர் 2014-இல் வழக்குத் தொடுத்தனர். 2021 அக்டோபரில் மேருவிலுள்ள சுற்றுச்சூழல், நில நீதிமன்றம், அப்பட்டாக்கள் முறைகேடாகப் பெறப்பட்டவை எனத் தீர்ப்பளித்து, பிழையைச் சரிசெய்ய ஓராண்டுத் தவணையும் கொடுத்தது.

2019-இல் அதிபர் உஹுரு கென்யாட்டா இந்நிலையத்தைத் திறந்து வைத்தபோது, நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இதனால் கிடைத்தது. எண்ணெய் எரிப்பது குறைந்தது. இந்நன்மைகளை நாம் மறுக்கவில்லை. ஆனால் 400 கிலோவோல்ட் அழுத்தத்தில் ஓடும் மின்சாரத்தை, இடையே துணைமின் நிலையம் அமைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றி, ஒரு குடிசைக்கு வழங்க இயலாது. ஆகவே அது மேய்ப்பனின் தலைக்கு மேலே சென்று, தொலைவிலுள்ள நகருக்கு ஒளி தந்தது.

இசைவின்றித் தொடங்கிய பணி நிலைப்பதும் அரிது. அதே கென்யாவின் கினாங்கோப்பில் 60 மெகாவாட் திட்டமொன்று, நிலத்தை இழப்போம் என்று அஞ்சிய உழவர்களின் எதிர்ப்பால் 2016-இல் கைவிடப்பட்டது. தென்னாப்பிரிக்கா வேறொரு வழியைக் கண்டது. 2011-இல் அது தொடங்கிய ஏல முறையில், மின்நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் வாழும் மக்களுக்கு உடைமையில் குறைந்தது நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளிக்க வேண்டும் என்பது விதியாயிற்று. பங்கு சிறிதுதான், ஆயினும் அங்கு வாழ்வோரும் உரியவரே என்பதை ஏட்டில் ஒப்புக்கொண்ட செயல் அது.

பண்டைய சிஜிஸ்தானில் காற்று இறைத்த நீர், அந்த மண்ணின் தோட்டங்களிலேயே பாய்ந்தது. இன்றைய பொறிகள் நூறு மடங்கு வல்லமை பெற்றுவிட்டன. பயனும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து செல்கிறது. செல்லட்டும், அதில் தவறில்லை. ஆனால் புறப்படும் இடத்தில் வாழ்பவனிடம் முதலில் கேட்க வேண்டும். அவன் வீட்டிலும் ஒரு விளக்கு எரிய வேண்டும். காற்றுக்குப் பட்டா இல்லை. காற்று வீசும் மண்ணுக்கோ, பட்டா எழுதப்படுவதற்கு முன்பிருந்தே உரியவர் இருக்கின்றனர்.