கீழ்முந்திரியும் அடைவுப் பண்பும்: பள்ளிக் கணக்கில் எண் வகைகள் வளர்ந்த வரலாறு

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எண்கள் படிப்படியாக அறிமுகமாகின்றன. ஆறாம் வகுப்பில் இயல் எண்களும், பூச்சியத்தைச் சேர்த்துக்கொண்ட முழு எண்களும், பின்னர் குறை எண்களையும் உள்ளடக்கிய முழுக்களும் வருகின்றன. எட்டாம் வகுப்பில் விகிதமுறு எண்கள். ஒன்பதாம் வகுப்பில் விகிதமுறா எண்களோடு சேர்ந்து மெய்யெண்கள். ஒவ்வொரு படியிலும் அதே கேள்விகள் திரும்பக் கேட்கப்படுகின்றன: கூட்டலில் அடைவுப் பண்பு உண்டா, பரிமாற்றுப் பண்பு உண்டா, சமனி எது, நேர்மாறு எது? மம்சாபுரத்தில் படிக்கும் பிள்ளைக்கும் சென்னையில் படிக்கும் பிள்ளைக்கும் இந்த வரிசை ஒன்றுதான். இதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, எண்கள் இந்த வரிசையில்தான் நம்மிடையே தோன்றின என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. அந்த எண்ணம் வரலாற்றோடு பொருந்தவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் பின்னம் தொடக்கத்திலிருந்தே எண்ணாக மதிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பாடத்திட்டம் சில புதிய எண்களைக் கொண்டுவந்தது உண்மை. அதைவிடப் பெரிய மாற்றம், எண்களைப் பார்த்துக் கேட்கும் கேள்வி மாறியதுதான். அந்தக் கேள்வியின் வித்தும் பழைய கணக்குக்குள்ளேயே கிடந்தது என்பதைக் கீழ்வாய் இலக்கத்தைக் கொண்டு காட்ட முடியும்.

மம்சாபுரம் இன்று விருதுநகர் மாவட்டத்துப் பேரூராட்சி. அது அடங்கிய திருவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பிறகு இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்து, 1985-இல் புதிய மாவட்டத்துக்குள் வந்தது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்வி ஆவணங்களில் இந்த வட்டாரத்தைத் திருநெல்வேலிக் கணக்கில்தான் தேட வேண்டும். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டு எடுத்த கணக்கெடுப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவற்றில் பெரும்பாலானவை ஓராசிரியர் பள்ளிகள். தமிழ்ப் பகுதியில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள். அங்கே கணக்குப் பாடத்துக்கு இருந்த சுவடிகள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து. கண்மாய்ப் பாசனத்தை நம்பி நெல் விளைவித்து, விளைச்சலை வாரமாகவும் வரியாகவும் பங்கிட்ட ஊர்களுக்கு இவை தேவையான படிப்பு.

இந்தச் சுவடிகளில், ஒன்று என்ற எண்ணிலிருந்து மேலே போகும் எண்கள் மேல்வாய் இலக்கம். ஒன்றுக்குக் கீழ்ப்பட்டவை கீழ்வாய் இலக்கம். கீழ்வாயின் அடிப்படை முந்திரி, அதாவது 1/320. இரண்டு முந்திரி அரைக்காணி (1/160). இரண்டு அரைக்காணி காணி (1/80). நான்கு காணி ஒரு மா (1/20). ஐந்து காணி ஒரு மாகாணி (1/16). அதற்கு மேல் அரைக்கால், கால், அரை, முக்கால். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு, தனி எழுத்துக்குறி உண்டு. மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவே ஒரு கோடு என்று எழுதும் வழக்கம் இல்லை. நாம் இன்று 3/4 என்று இரண்டு முழு எண்களின் உறவாக எழுதுவதைத் திண்ணைப் பிள்ளை முக்கால் என்று ஒரே எழுத்தில் எழுதினான். ஐந்துக்கு இருந்த மதிப்பு அவனிடம் முக்காலுக்கும் இருந்தது. எட்டாம் வகுப்பில் விகிதமுறு எண்ணைப் பார்த்ததும் பல பிள்ளைகளுக்கு வரும் மிரட்சிக்கு அந்தப் பள்ளியில் இடமே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இங்கே முதல் மறுப்பு எழும். பெயர் வைத்துவிட்டால் எண் முறை ஆகிவிடுமா? இது படியையும் மரக்காலையும் போன்ற அளவைப் பெயர்களின் தொகுப்புதானே என்று கேட்கலாம். கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூல் தன் கணக்குகளை நிலம், பொன், நெல், அரிசி என்று பொருள் வாரியாகப் பிரிப்பதும் அப்படிக் கேட்பவர்களுக்குச் சாதகமாகவே தோன்றும். ஆனால் இந்தப் பொருள்கள் எல்லாவற்றிலும் அதே முந்திரி, அதே காணி, அதே மா திரும்ப வருகின்றன. நாழியும் மரக்காலும் முகத்தல் அளவையை விட்டு வெளியே வராதவை; அரைக்கால் எந்தப் பொருளுக்கும் பொது. அதைவிட வலுவான சான்று பெருக்கலில் இருக்கிறது. படியை மரக்காலால் பெருக்குவதில் பொருள் இல்லை. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பரப்புக் காண்கிற குழிமாத்தோ பின்னத்தைப் பின்னத்தாலேயே பெருக்கச் சொல்கிறது.

அப்படிப் பெருக்கும்போது என்ன ஆகிறது? அரையை அரையால் பெருக்கினால் கால். காலை அரையால் பெருக்கினால் அரைக்கால். இவ்வளவும் பெயருள்ள எண்கள். காணியைக் காணியால் பெருக்கினால் 1/6400 வருகிறது. மிகச் சிறிய இலக்கமாகிய முந்திரியைவிட இது இருபது மடங்கு சிறியது. இருந்த பெயர்களுக்குள் விடை அடங்கவில்லை. எண்களின் ஒரு கூட்டத்துக்குள் செய்த பெருக்கல் அந்தக் கூட்டத்துக்கு வெளியே போய் விழுவதை இன்றைய பாடநூல் ‘அடைவுப் பண்பு இல்லை’ என்று ஒரு வரியில் எழுதி நகர்ந்துவிடும். தமிழ்க் கணக்கர்கள் வேறொன்று செய்தார்கள். கீழ்வாய் முழுவதையும் அப்படியே 320-ஆல் சுருக்கி, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ‘கீழ்’ சேர்த்து இன்னோர் அடுக்கை அமைத்தார்கள். முந்திரியில் 320-இல் ஒரு பங்கு கீழ்முந்திரி, அதாவது 1/1,02,400. இப்போது முந்திரியை முந்திரியால் பெருக்கினால் கீழ்முந்திரி. அரைக்காணியை அரைக்காணியால் பெருக்கினால் மிகச் சரியாகக் கீழ்க்காணி. காணியைக் காணியால் பெருக்கினால் கீழ்மா. மாவை மாவால் பெருக்கினால் 1/400. அது கீழ்முக்காலும் கீழ்மாவும் சேர்ந்தது. விரும்புகிறவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம்: முக்காலும் மாவும் சேர்ந்தால் 4/5, அதை 320-ஆல் வகுத்தால் 1/400. மேலடுக்கில் உள்ள எந்த இரண்டு இலக்கங்களைப் பெருக்கினாலும் விடையைக் கீழ்முந்திரிகளின் எண்ணிக்கையாக மிச்சமின்றிச் சொல்லிவிட முடியும். 320-ஐ 320-ஆல் பெருக்கிக் கிடைத்த எல்லை அதற்கு உறுதி தருகிறது.

கணித வரலாற்றில் எண் வகைகள் பெருகியதும் இதே காரணத்தால்தான். இயல் எண்களுக்குள் கழித்தல் அடங்காதபோது குறை எண்கள் தேவைப்பட்டன. முழுக்களுக்குள் வகுத்தல் அடங்காதபோது விகிதமுறு எண்கள். ஒரு செயல் இருக்கிற எண்களின் வேலியைத் தாண்டும்போது புதிய எண்களை ஆக்கிக்கொள்வது என்பதே அந்த வழி. கீழ் அடுக்கு அந்த வழியில் நிலப் பரப்புக்காக எடுத்துவைக்கப்பட்ட ஒரு படி.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. 320 என்பது ஆறு இரண்டுகளையும் ஓர் ஐந்தையும் பெருக்கியது. 2, 5 தவிர வேறு பகா எண் அதில் இல்லை. எனவே மூன்றில் ஒரு பங்கையோ ஏழில் ஒரு பங்கையோ எத்தனை கீழ் அடுக்குப் போட்டாலும் சரியாகச் சொல்ல முடியாது. கீழுக்குக் கீழ் போனாலும் பகா எண்கள் அவையேதான். வகுத்தலில் இந்த முறை தோற்றுவிடுகிறது. ஆகவே விகிதமுறு எண்களோடு இதை ஒப்பிடுவது பொருந்தாது என்பது வாதம். இதில் பாதி உண்மை. ஆனால் கீழ்முந்திரிக்கு அடுத்த இலக்கத்தைப் பார்க்க வேண்டும். அது 2-ஆலோ 5-ஆலோ வகுத்து வரவில்லை. கீழ்முந்திரியில் 21-இல் ஒரு பங்கு இம்மி, அதாவது 1/21,50,400. இம்மியில் 11-இல் ஒரு பங்கு மும்மி. 21 என்பது மூன்றும் ஏழும். அதுவரை இல்லாத இரண்டு பகா எண்கள் ஒரே படியில் உள்ளே வந்துவிடுகின்றன. மும்மியில் பதினொன்றும் வருகிறது. மூன்றில் ஒரு பங்கு இப்போது 7,16,800 இம்மி. ஏழில் ஒரு பங்கு 3,07,200 இம்மி. இரண்டிலும் மிச்சம் இல்லை. இம்மியை அமைத்தவர் மனத்தில் என்ன இருந்தது என்று சொல்லும் குறிப்பு ஏதும் இல்லாததால், திட்டமிட்டே செய்தார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வகுத்தல் சிக்கல் அறியாதவர்கள் தொடர்ந்து பத்தாலோ இரண்டாலோ வகுத்துக்கொண்டு போயிருப்பார்கள். 21-ஐத் தேடிப் போயிருக்க மாட்டார்கள். திருநெல்வேலிச் சீமையில் நெல்லை அளந்த கோட்டைக்கும் 21 மரக்கால். மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏழு மரக்கால், ஏழு பேருக்கென்றால் ஆளுக்கு மூன்று. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று இதைக் கொண்டு நிறுவ முடியாது. ஆனால் பங்கு போடுவதற்கு 21 வசதியானது என்ற பட்டறிவு இந்தப் பகுதியில் புழங்கியது என்பதற்கு இது போதும்.

இந்த முறை எட்டாத இடங்களையும் சொல்லியாக வேண்டும்; இல்லாவிட்டால் இது வெறும் பெருமைப் பேச்சாகிவிடும். குறை எண் இங்கே இல்லை. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலில் கடனையும் தனத்தையும் கொண்டு குறை எண்களுக்கும் பூச்சியத்துக்கும் விதி வகுத்துவிட்டார். கடனைக் கடனால் பெருக்கினால் தனம் என்பதும் அதில் உண்டு. அது வானியலாருக்கு எழுதிய வடமொழி நூல். ஊர்க் கணக்கில் கடன் தனித் தலைப்பில் பற்றாகவோ நிலுவையாகவோ எழுதப்பட்டதால், எண்ணுக்கு முன்னால் ஒரு குறி போடும் தேவை எழவில்லை. விகிதமுறா எண்ணின் நிலையும் அதுவே. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காண, நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, குறுகிய பக்கத்தில் பாதியைக் கூட்டும் விதியைப் பிதாகரசுக்கு முந்திய கண்டுபிடிப்பு என்று மேடைதோறும் சொல்கிறார்கள். பக்கங்கள் 4, 3 என்றால் 5 வருகிறது, 12, 5 என்றால் 13 வருகிறது, இரண்டும் சரி. இரண்டு பக்கமும் ஒன்று என்றாலோ விடை 1.375. உண்மை மதிப்பு ஏறத்தாழ 1.414. கிட்டத்தட்ட மூன்று விழுக்காடு பிழை. வயலில் நின்று கணக்கிடுகிறவருக்கு இது கைகொடுக்கும் விதி. √2 எந்தப் பின்னத்துக்கும் அடங்காது என்ற உணர்வு இதில் இல்லை. ஐரோப்பாவிலும் அந்த உணர்வுக்கு உறுதியான அடித்தளம் மிகப் பிந்தியே கிடைத்தது. 1858-இல் சூரிச் நகரில் நுண்கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த டெடிகிண்ட், தன் வகுப்பில் சொல்வதற்குச் சரியான அடிப்படை இல்லை என்று உணர்ந்துதான் மெய்யெண்களுக்கு வரையறை தேடினார். அது 1872-இல் அச்சாயிற்று. எண் வகைகளின் வரலாற்றில் வகுப்பறைக்கு இவ்வளவு பங்கு உண்டு.

திண்ணைப் படிப்பு வெறும் மனப்பாடம் என்ற பழைய குற்றச்சாட்டு நீண்ட பதிலைக் கோரவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில்பாபு, திண்ணைப் பள்ளியில் நினைவு என்பதே கற்கும் முறையாக இருந்தது என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். இருபத்துமூன்றைப் பதினாறால் பெருக்க, இருபதையும் மூன்றையும் தனித்தனியே பத்தாலும் ஆறாலும் பெருக்கிக் கூட்டுகிறவன் பங்கீட்டுப் பண்பைப் பெயர் சொல்லாமல் கையாள்கிறான். பெயர் சொல்லாதது குறைதான். பண்பைப் பெயரிட்டு, எல்லா எண்களுக்கும் அது பொருந்துமா என்று கேட்டு, நிறுவ முயல்வதுதான் புதிய பாடத்திட்டம் தந்த நன்மை. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

அந்த மாற்றம் நிகழ்ந்த காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று பதினாறணா ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் வீசையும் படியும் கிலோவுக்கும் லிட்டருக்கும் இடம் கொடுத்தன. ஓரணா என்பது ரூபாயில் மாகாணி. நூறில் அது ஆறேகால், முழுப் பைசாவாக வராது. இரண்டிரண்டாகப் பகுக்கும் பழைய பின்னங்கள் கடைத்தெருவிலிருந்து விலகின. அதே 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அதை அடுத்து அமெரிக்காவில் வேகம் பெற்ற ‘புதிய கணிதம்’ கணங்களையும் எண் பண்புகளையும் பள்ளிக்குள் கொண்டுவந்தது. அந்த அலை உலகெங்கும் பரவியது. இன்றைய ஒன்பதாம் வகுப்புப் பாடநூல் கண மொழியில் தொடங்கி மெய்யெண்களுக்குப் போவது அதன் தொடர்ச்சி. இப்படி, பின்னம் புழங்கிய இடம் மறைந்த நேரத்தில் பின்னத்தின் பண்புகள் பாடமாக வந்தன. விகிதமுறு எண் பல பிள்ளைகளுக்கு வேர் இல்லாத செடியாக நிற்பதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகக் கருதுகிறேன்.

பழைய சுவடிகளை மீண்டும் ஒப்பிக்கச் சொல்லிப் பயனில்லை. நூறின் உலகத்தில் 320 திரும்பி வராது. எட்டாம் வகுப்பில் விகிதமுறு எண்களின் அடைவுப் பண்பைத் தொடங்கும் ஆசிரியர்கள் ஒரு வேலை செய்யலாம். காணியைக் காணியால் பெருக்கினால் என்ன வரும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்; விடைக்குப் பெயர் இல்லாதபோது என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். அவர்கள் யோசித்து முடித்த பிறகு, கீழ்மா என்ற பெயரைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். பாடநூல் குழுவினர் அந்த அலகில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்க வேண்டும்.