திரு இருதயத்தின் ஊர்: பரே-லெ-மோனியால்

இயேசுவின் திரு இருதயப் படம் இல்லாத கத்தோலிக்க இல்லத்தைக் காண்பது அரிது. ஆனால் அந்தப் பக்தி உலகெங்கும் பரவக் காரணமாயிருந்த சிற்றூரைப் பற்றி நம்மில் பலர் அறிந்ததில்லை. பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், பூர்பேன்ஸ் ஆற்றங்கரையில் உள்ளது பரே-லெ-மோனியால். மக்கள்தொகை ஏறக்குறைய 9,000. 'மோனியால்' என்பது துறவியரைக் குறிக்கும் சொல்.

973-ஆம் ஆண்டு இங்கே ஆசீர்வாதப்பர் மடம் ஒன்று தோன்றியது. 999-இல் அது புகழ்பெற்ற க்ளூனி மடத்தின் பொறுப்பில் வந்தது. இன்றைய பசிலிக்கா பெரும்பாலும் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. க்ளூனியின் பெரிய ஆலயம் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இடிக்கப்பட்டதால், அதன் சாயலைச் சிறிய அளவில் காண விரும்புவோர் பரேக்கு வருகின்றனர். துணி வணிகர் ஒருவர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய அழகிய மாளிகை இன்று நகராட்சி மன்றமாக உள்ளது.

1671-இல் மார்கரீத் மரியா அலகோக் இங்குள்ள விசிட்டேஷன் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1673 டிசம்பர் 27 முதல் ஆண்டவர் தம் இருதயத்தின் அன்பை அவருக்கு வெளிப்படுத்தினார். ஆனால் உடன் வாழ்ந்த சகோதரிகளிலேயே பலர் அவரை நம்பவில்லை. 1675-இல் இவ்வூருக்கு வந்த இயேசு சபைக் குரு கிளோத் லா கொலம்பியேர் அவருக்குத் துணையாக நின்றார். ஆனால் அடுத்த ஆண்டே லண்டனுக்கு அனுப்பப்பட்டார். 1682-இல் பரேயிலேயே இறந்தார்.

அவருடைய தியானக் குறிப்புகள் 1684-இல் நூலாக வெளிவந்தன. மடத்தின் உணவறையில் அதை வாசித்தபோது, பெயர் சொல்லாமல் அதில் குறிப்பிடப்பட்டவர் தங்கள் நடுவே இருப்பவர்தான் என்று சகோதரிகள் உணர்ந்தனர். எதிர்ப்பு உடனே ஓய்ந்துவிடவில்லை. 1685-இல் நவசந்நியாசினிகள் மையால் வரைந்த திரு இருதயப் படத்தை வணங்கியபோது மூத்தோர் கடிந்துகொண்டனர். 1686 ஜூன் 21 அன்று, முன்பு எதிர்த்த மூத்த சகோதரி ஒருவரே அத்தகைய படத்தை வணக்கத்திற்கு வைத்தார்!

திருநாள் அகில திருச்சபைக்கும் விரிவாக்கப்பட்டது 1856-இல். மார்கரீத் மரியா புனிதரானது 1920-இல். கிளோத் புனிதரானது 1992-இல். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986 அக்டோபரில் பரேக்கு வந்து செபித்தார். காட்சிகளின் 350-ஆம் ஆண்டு யூபிலி 2023 டிசம்பர் முதல் 2025 ஜூன் வரை இங்கே கொண்டாடப்பட்டது. மார்கரீத் மரியா விசிட்டேஷன் சிற்றாலயத்தில் துயில்கிறார். அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில், இயேசு சபையினரின் சிற்றாலயத்தில், கிளோத்.