கை நடுங்கினால் லென்ஸ் தாங்கும், ஆள் அசைந்தால்?



பாடசாலை ஊடகக் கழகத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சேர், வைட் அங்கிள் லென்ஸ் ஒன்று வாங்கப் போறோம். ஸ்டெபிலைசேஷன் உள்ளதை எடுக்கோணுமா, இல்லாதது போதுமா?" விலை வித்தியாசம் சின்னதல்ல. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் சரித்திரம் படிப்பிக்கிறவன் கொஞ்சம் பின்னால் போய்த்தான் வருவான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1838இல் பாரிஸ் நகரில் லூயி டாகேர் என்பவர் உயரத்திலிருந்து ஒரு பெருந்தெருவைப் படமெடுத்தார். வண்டியும் சனமும் நிறைந்த தெரு அது. படத்திலோ அது வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்தக் காலத் தகட்டில் ஒளி பதியச் சில நிமிடங்கள் பிடித்தன. அதற்குள் நடந்து போனவர்கள் எவரும் பதியவில்லை. சப்பாத்துக்குப் பொலிஷ் போட ஓரிடத்தில் நின்ற ஒரு மனிதர் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். கமரா துளியும் அசையவில்லை, ஆட்கள்தான் அசைந்தார்கள்.

நம் நாட்டிலும் இதே கதைதான். புகழ்பெற்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். களுத்துறையில் இருந்தபோது இந்நாட்டுச் சாதாரண மக்களைப் படமெடுத்தார். 1879இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கமரா கனமான பெட்டி, நிலையாக நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். அப்படியிருந்தும் அவர் எடுத்த முகங்கள் பலவற்றில் ஒரு கலங்கல் இருக்கும். அவர் குவியத்தை மென்மையாக வைத்தது ஒரு காரணம். மற்றது, முன்னால் இருந்தவரால் அவ்வளவு நேரம் அசையாமல் இருக்க முடியாதது.

1925இல் ஜெர்மனியில் லைக்கா கமரா விற்பனைக்கு வந்தது. 35 மி.மீ. பிலிம், கைக்கடக்கமான உடல். கொழும்பில் லயனல் வெண்ட் போன்றவர்கள் 1930களில் அதைக் கையில் எடுத்தார்கள். முக்காலி தேவையில்லாமல் போனது. பதிலுக்குப் புதிய பிரச்சினை ஒன்று வந்தது: பிடிக்கிறவரின் கை நடுக்கம்.

அதற்குப் படப்பிடிப்பாளர்கள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். 200 மி.மீ. லென்ஸ் என்றால் செக்கனில் 200இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமாக எடுக்க வேண்டும். 24 மி.மீ. என்றால் 25இல் ஒரு பங்கு போதும். கை ஒரே அளவு நடுங்கினாலும், 200 மி.மீ. லென்ஸில் படம் நகரும் தூரம் 24 மி.மீ. லென்ஸில் நகர்வதைப் போல எட்டு மடங்குக்கு மேல். தூரத்தை இழுக்கும் லென்ஸ் நடுக்கத்தையும் சேர்த்து இழுக்கும். அகன்ற லென்ஸ் அதை மன்னித்துவிடும்.

எனவேதான் 1995இல் கெனன் நிறுவனம் முதன்முதலாக எஸ்.எல்.ஆர். லென்ஸ் ஒன்றில் அசைவுதடுப்பை வைத்தபோது, அதை 75–300 மி.மீ. லென்ஸில் வைத்தது. உள்ளே இருக்கும் உணரி கையின் ஆட்டத்தை அறியும். ஒரு கண்ணாடித் தொகுதி எதிர்ப்பக்கம் நகர்ந்து படத்தை நிலைநிறுத்தும். மிக அகன்ற 16–35 மி.மீ. லென்ஸில் நிக்கோன் இதே வசதியைக் கொண்டுவந்தது 2010இல்தான். அவசரம் எங்கே இருந்தது என்பது இதிலிருந்தே விளங்கும்.

அப்படியானால் அகன்ற லென்ஸுக்கு அது வீணா? இல்லை. எதைப் படமெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கல் தூண்களையோ, சாந்த லூசியாள் பேராலயத்தின் உட்கூரையையோ, பழைய பள்ளிவாசல் ஒன்றின் உள்மண்டபத்தையோ அனுமதி பெற்றுப் படமெடுக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். வெளிச்சம் குறைவு, முக்காலி வைக்க இடமும் கிடைக்காது. கல் அசையாது, உங்கள் கைதான் அசையும். அங்கே அசைவுதடுப்பு கைகொடுக்கும். நடந்துகொண்டே வீடியோ எடுப்பவருக்கும் அது உதவும்.

நிக்காஹ் வீடு, பெருநாள் காலை, விளையாட்டுப் போட்டி, வெள்ளவத்தைச் சந்தை இவையெல்லாம் வேறு. நடக்கிற ஆளைத் தெளிவாகப் பிடிக்க 125இல் ஒரு பங்கு செக்கனாவது வேண்டும். ஓடுகிற பிள்ளைக்கு இன்னும் வேகம் தேவை. அந்த வேகத்தில் அகன்ற லென்ஸில் கை நடுக்கம் தெரியவே தெரியாது. அங்கே தேவைப்படுவது வெளிச்சம். எஃப் 4 லென்ஸைவிட எஃப் 2.8 லென்ஸ் இரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 1.8 என்றால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. காசை அதில் போடுங்கள். உங்கள் கமராவின் உடலிலேயே அசைவுதடுப்பு இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். இருந்தால் லென்ஸில் இன்னொரு தரம் அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கடையில் ஒரு சோதனை செய்யலாம். லென்ஸை 24 மி.மீ. அளவில் வைத்து, 25இல் ஒரு பங்கு வேகத்தில், கூட வந்தவரை நடக்கச் சொல்லி ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள். சுவர் தெளிவாகவும் ஆள் கலங்கியும் இருந்தால், ஸ்டெபிலைசேஷன் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பது அப்போதே விளங்கிவிடும்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது அல்பங்களும் சேர்ந்து எரிந்தன. கட்டடத்தை நாளைக்கும் படமெடுக்கலாம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறி ஓடித்திரியும் மூத்தம்மாவை நாளைக்கு எடுக்க முடியுமா? அன்று டாகேரின் தெருவில் நடந்தவர்கள் எல்லோரும் காணாமல் போனார்கள். நம் படங்களில் நம் ஆட்கள் அப்படிப் போகாமல் இருக்கட்டும்.

லென்ஸ் வாங்க யோசிப்பவர்கள், எதைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.