கணினி திடீரென அலறாமல் இருக்க: ஒலியளவைக் கட்டுக்குள் வைக்கும் வழிகள்

இரவு பதினொரு மணி. பழைய பாடல் ஒன்று சன்னமாகக் கேட்கிறதே என்று மடிக்கணினியின் ஒலியளவை 100 வரை ஏற்றி வைக்கிறார் பாட்டி. பாடல் முடிந்து அடுத்து விளம்பரம் வந்ததும் வீடே அதிர்கிறது, தொட்டிலில் தூங்கும் பேரப்பிள்ளை வீறிடுகிறது. லயத்து வீடோ அடுக்குமாடி வீடோ, அண்டை வீட்டுக்கு இடையில் இருப்பது ஒரே சுவர்தான். ஸ்பீக்கரில் என்றால் தூக்கம் கெடுவதோடு போகும். ஹெட்போனில் என்றால் காதுக்கே ஆபத்து.

எல்லா ஒலிப்பதிவுகளும் ஒரே அளவில் பதிவு செய்யப்படுவதில்லை. சன்னமான ஒன்றுக்காகக் கூட்டிய அளவு, அடுத்து வரும் உரத்த ஒலிக்கும் அப்படியே பொருந்தும். சிக்கலின் வேர் இதுதான்.

கணினியில் ஒலியளவு ஓரிடத்தில் மட்டும் இல்லை. பாடல் ஓடும் செயலியில் ஒன்று, கணினியின் பொது அளவு ஒன்று, ஸ்பீக்கரின் குமிழ் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கிறது. ஒலி போதவில்லை என்றால் முதலில் செயலியின் அளவைக் கூட்ட வேண்டும். பொது அளவு முடிந்தவரை கீழேயே இருக்கட்டும். இப்படி வைத்தால் வேறொரு செயலியின் மணியோசை காதைப் பிளக்காது.

விண்டோஸ் கணினியில் செய்ய வேண்டியவை:

• திரையின் கீழ் வலது ஓரத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘வால்யூம் மிக்சர்’ திறக்கவும். அங்கு ‘சிஸ்டம் சவுண்ட்ஸ்’ அளவை மட்டும் தனியாகக் குறைக்கலாம்.

• ‘கண்ட்ரோல் பேனல்’, ‘சவுண்ட்’ சென்று, ஸ்பீக்கரின் ‘புரோபர்ட்டீஸ்’ பகுதியில் ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ பார்க்கவும். ‘லவுட்னஸ் ஈக்வலைசேஷன்’ இருந்தால் டிக் செய்யவும். உரத்த ஒலிக்கும் சன்ன ஒலிக்கும் உள்ள இடைவெளியை அது குறைக்கும். எல்லாக் கணினிகளிலும் இந்த வசதி இருக்காது.

• ஸ்பீக்கருக்கும் புளூடூத் ஹெட்போனுக்கும் விண்டோஸ் தனித்தனி அளவை நினைவில் வைத்திருக்கும். ஆகவே முதலில் இணைத்து, அளவைப் பார்த்து, பாடலை ஓடவிட்டு, பிறகே காதில் மாட்ட வேண்டும்.

மேக் கணினியில் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘சவுண்ட்’ பகுதியில் எச்சரிக்கை ஒலிக்கு மட்டும் தனி அளவு உண்டு. யூடியூப் காணொளியின் பல்சக்கரப் படத்தை அழுத்தினால் ‘ஸ்டேபிள் வால்யூம்’ கிடைக்கும். குரோமில் தானாக ஒலி எழுப்பும் தளத்தின் தாவல் மீது வலது கிளிக் செய்து ‘மியூட் சைட்’ தரலாம்.

ஐபோனில் ‘சவுண்ட்ஸ் அண்ட் ஹாப்டிக்ஸ்’ பகுதியில் உள்ள ‘ஹெட்போன் சேஃப்டி’ வழியாக, ஹெட்போன் ஒலி குறிப்பிட்ட டெசிபலைத் தாண்டாதபடி வரம்பு வைக்கலாம். பிள்ளைகளின் கைப்பேசிக்கு இது அவசியம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம் மட்டுமே. பிள்ளைகளுக்கு 40 மணி நேரத்துக்கான அளவு 75 டெசிபல்தான். கருவியின் முழு அளவில் 60 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்றும் அந்நிறுவனம் சொல்கிறது.

உரத்த ஒலிக்குப் பிறகு காதில் இரைச்சல் நீடித்தாலோ கேட்கும் திறன் குறைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உட்செவியின் நுண்ணிய உணர்செல்கள் அழிந்துவிட்டால் அவை மீண்டும் வளர்வதில்லை.