எஞ்சின் விளக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் புகையும்



போன மாதம் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் திரும்பும்போது, காவிரிப் பாலத்தில் என் காரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி ஓடியது. ஆனால் நிற்கும்போது இருமல்காரர் மாதிரி குலுங்கியது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கருவியைச் செருகிப் பார்த்து, "பி0171 வருது, ஆக்சிஜன் சென்சார் மாத்தணும்" என்றார்கள். மாற்றினேன். பென்ஷனில் நல்ல துண்டு போனது. நான்காம் நாள் அதே விளக்கு, அதே எண்.

வரலாற்று வாத்தியார் சும்மா இருப்பானா? இந்த எண்ணின் பூர்வீகத்தைத் தேடி உட்கார்ந்தேன்.

1940களில் லாஸ் ஏஞ்சல்ஸில் பகலிலேயே புகைமூட்டம் கவிந்து மக்களுக்குக் கண் எரிந்தது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. அங்கே அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர்தான், கார் புகை வெயிலில் வேதிமாற்றம் அடைந்து ஓசோனாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். கார் கம்பெனிகள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் கலிபோர்னியா காற்று வள வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர்.

அந்த வாரியம்தான், புகைக் கட்டுப்பாட்டுக் கருவி கெட்டால் கார் தானே சொல்ல வேண்டும் என்று 1988 மாடல்களிலிருந்து விதித்தது. ஆக, அந்த விளக்கு பிறந்தது மெக்கானிக்குக்காக அல்ல, ஊர்க் காற்றுக்காக. அப்போது பல கார்களில் இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ண வேண்டும். ஒரு சிமிட்டு, இடைவெளி, இரண்டு சிமிட்டு என்றால் 12. கம்பெனிக்கு ஒரு அகராதி! 1996இல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே செருகுமுனை, ஒரே எண் முறை வந்தது. பி என்றால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த 0, எல்லாக் கம்பெனிக்கும் பொது என்பதற்கு அடையாளம். 0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. நம் நாட்டில் பி.எஸ். 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின.

அதற்கு முன் நம் ஊரில் எல்லாம் காதுதான். அம்பாசடர் எஞ்சின் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். பொன்மலை ரயில்வே பணிமனை இருக்கும் ஊரில் இதற்கா பஞ்சம்?

அப்படிக் கேட்டுப் பழகிய ஒருவன் என் பழைய மாணவன். மாம்பழச்சாலைப் பக்கம் சின்ன ஷெட். கடைசியில் அவனிடம்தான் போனேன்.

"சார், கார்பரேட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தப்போ நான் எழுதப் படிக்கத் தெரியாதவன் மாதிரி ஆயிட்டேன். ஷெட்டையே மூட இருந்தேன்" என்றான். பாலிடெக்னிக் படிக்கும் மகள்தான் ஒரு சின்னக் கருவி வாங்கித் தந்து, இங்கிலீஷில் வருவதைப் படித்துச் சொல்லியிருக்கிறாள். இரவில் அப்பனுக்குப் பாடம்! பத்தாம் வகுப்பில் இவனுக்கு இங்கிலீஷ் வராது என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பியவன் நான்தான்.

"நம்பர் பொய் சொல்லல சார். காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு சொல்லுது. காத்து எங்கேர்ந்து வருதுன்னு அது சொல்லாது. அதை நாமதான் தேடணும்."

ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறு முனையை எஞ்சினைச் சுற்றி நகர்த்தினான். ஓரிடத்தில் நின்றான். என்னையும் கேட்கச் சொன்னான். ஸ்ஸ்... என்று சன்னமான சத்தம். காற்று போகும் பாதையில் ஒரு குழாய் வெடித்திருந்தது. கணக்கில் வராத காற்று அந்த வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. குழாய் 180 ரூபாய். கூலி வாங்க மறுத்தான். திட்டித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

மகள் எண்ணை அழித்துவிட்டு, "ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க தாத்தா, திரும்பி வந்தா வாங்க" என்றாள். மூன்று வாரமாகிறது. விளக்கு எரியவில்லை. கழற்றிய பழைய சென்சார் என் மேஜையில் கிடக்கிறது. அதைச் சோதித்துப் பார்த்தானாம், ஒரு குறையும் இல்லை.