1930: உப்பு அள்ளப் போனவர்களும் சோறு போட்டவர்களும்



இதைப் படிக்கும் முன் உங்கள் சமையலறையில் இருக்கும் உப்பு ஜாடியை ஒருமுறை பாருங்கள். மாத மளிகைப் பட்டியலில் நாம் விலை பார்க்காமல் எழுதும் பொருள் அது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த உப்பைக் கடற்கரையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளியதற்காக நம் ஊர்க்காரர்கள் சிறைக்குப் போன ஆண்டு ஒன்று உண்டு. அது 1930. இடம், வேதாரண்யம்.

நம் குடியிருப்பில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பல குடும்பங்கள் இருக்கிறீர்கள். "வேதாரண்யம் விளக்கழகு" என்ற சொலவடை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேவாரம் பாடிய திருமறைக்காடுதான் அந்த ஊர். கோயிலுக்குப் போய் வந்திருப்பீர்கள். கோடியக்கரையில் பறவைகளும் பார்த்திருப்பீர்கள். ஆனால் வழியில் அகஸ்தியம்பள்ளியில் இறங்கி நின்றவர்கள் எத்தனை பேர்?

அன்றைய சட்டம் என்ன சொன்னது என்று முதலில் பார்ப்போம். 1882ஆம் ஆண்டு உப்புச் சட்டப்படி, உப்புக் காய்ச்சுவதும் விற்பதும் அரசின் பிடியில் இருந்தன. வேதாரண்யம் சதுப்பு நிலத்தில் கோடை வெயிலில் உப்பு தானாகவே பூத்துக் கிடக்கும். அதை எடுத்தாலும் குற்றம். வரியோ எல்லோருக்கும் ஒன்றுதான். மிராசுதார் பணக்காரர் என்பதற்காகக் கூடுதலாக உப்புத் தின்பதில்லை. வயலில் நாளெல்லாம் வியர்வை சிந்துகிறவருக்கு, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வேறொன்றும் இல்லாதவருக்குத்தான் உப்பு அதிகம் வேண்டும். அதனால்தான் காந்தி உப்பைத் தேர்ந்தெடுத்தார். மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து கிளம்பி, ஏப்ரல் 6 அன்று தண்டியில் சட்டத்தை மீறினார்.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 13 அன்று, திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ 100 தொண்டர்கள் புறப்பட்டார்கள். ஜாலியன் வாலாபாக் படுகொலையின் 11ஆம் ஆண்டு நினைவு நாள் அது. வேதாரண்யம் வரை சுமார் 240 கிலோமீட்டர். சித்திரை வெயில். மேட்டூர் அணை அப்போது கட்டி முடிந்திருக்கவில்லை. அந்த மாதத்தில் காவிரிப் படுகையில் மணலும் புழுதியும்தான் மிச்சம். இந்தப் பயணத்துக்காகவே நாமக்கல் கவிஞர் எழுதிக்கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டே நடந்தார்கள். தங்கிய ஊர்களில் தீண்டாமை ஒழிப்பு, கதர், மதுவிலக்கு பற்றிப் பேசினார்கள்.

இனிமேல் வருவதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய பகுதி.

அப்போது வேதாரண்யம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. மாவட்ட ஆட்சியர் ஜே.ஏ. தார்ன் ஒரு கணக்குப் போட்டார். நடப்பவர்களை வழியிலேயே கைது செய்தால் கூட்டம் பெருகும். அவர்களுக்குச் சோறும் இடமும் கிடைக்காமல் செய்துவிட்டால் தாமாகவே திரும்பிவிடுவார்கள். எனவே தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறையும் அபராதமும் உண்டு என்று ஊர் ஊராக அறிவிக்கச் செய்தார்.

தஞ்சைத் தரணியில் வந்தவருக்குச் சோறு போடாதே என்று உத்தரவு! அந்த மண்ணின் பழக்கம் அவருக்குப் பிடிபடவில்லை.

ஜனங்கள் வழி கண்டுபிடித்தார்கள். சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் தொண்டர்கள் இளைப்பாறும் இடத்தில் மணலுக்குள் பாத்திரத்தோடு உணவைப் புதைத்து வைத்து, சைகையால் காட்டினார்கள். யார் வைத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சிலர் ஒளிக்கவும் இல்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தொண்டர்களை வெளிப்படையாகவே வரவேற்றுத் தங்கவைத்து உணவளித்தார். அதற்காகச் சிறைக்கும் போனார்.

பட்டினி கிடக்க வேண்டிய படை, 15 நாள் நடந்து, ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. அங்கே வேதரத்தினம் பிள்ளை காத்திருந்தார். அவரே உப்பளம் வைத்திருந்தவர். சட்டம் அப்படியே இருந்தால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் போராட்டத்துக்குத் தன் ஊரையும் உழைப்பையும் கொடுத்தார். அதற்கு விலையாகச் சிறையும் சொத்துப் பறிமுதலும் வந்தன. மக்கள் அவரை சர்தார் என்று அழைத்தார்கள்.

ஏப்ரல் 30 அதிகாலையில் அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளினார். கைதானார். 6 மாதச் சிறை. அவருக்குப் பின் கே. சந்தானம், ருக்மிணி லட்சுமிபதி என்று ஒருவர் மாற்றி ஒருவர் தொடர்ந்தார்கள். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண்மணி என்று ருக்மிணி லட்சுமிபதியைச் சொல்வார்கள். தடியடிகளும் நடந்தன.

ஊரில் இன்றும் சொல்லும் கதை ஒன்று உண்டு. போலீசாருக்கு வேலை செய்வதில்லை என்று முடிதிருத்துபவர்களும் சலவைத் தொழிலாளர்களும் முடிவெடுத்திருந்தார்கள். வைரப்பன் என்ற முடிதிருத்துபவர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது, பாதியில் அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியை மடக்கி வைத்துவிட்டார். நீதிமன்றத்தில் நிறுத்தி, மீதியை முடி என்றார்களாம். தன் பெட்டியை நீட்டி, "வேண்டுமானால் நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்றாராம். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. தலைவர்களுக்குச் சிலை வைக்கும் நாட்டில், பாதி தாடியோடு ஒருவரை எழுப்பி அனுப்பியவருக்கும் ஒரு தூண் நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, அந்த ஓர் ஆண்டு நமக்கு என்ன விட்டுச் சென்றது?

உடனடிப் பலன் சிறியது. 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தப்படி, கடலோர கிராமத்தார் தம் வீட்டுத் தேவைக்கும் தம் ஊருக்குள் விற்கவும் உப்பு எடுக்க அனுமதி கிடைத்தது. உப்பு வரி முழுவதுமாகப் போக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மனிதர்கள் வழியாக வந்த பலன் பெரியது. ராஜாஜி 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானார். பயணம் தொடங்கிய வீட்டின் டாக்டர் ராஜன் அந்த அமைச்சரவையில் இடம்பெற்றார். ருக்மிணி லட்சுமிபதி 1946இல் மாகாணத்தின் முதல் பெண் அமைச்சரானார். வேதாரண்யம் போராட்டத்தில் கலந்துகொண்டு முதன்முறையாகச் சிறை சென்ற விருதுநகர் இளைஞர் ஒருவர், 1954இல் முதலமைச்சரானார். காமராஜர்தான் அவர். வேதரத்தினம் பிள்ளை 1946இல் வேதாரண்யத்தில் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார். ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கு வீடும் படிப்பும் கொடுத்த இடம் அது.

இதைவிட ஆழமான மாற்றத்தைச் சொன்னவர் தார்ன்தான். அரசின் மேல் மக்களுக்கு முன்பு ஏதேனும் பற்று இருந்திருந்தாலும் இப்போது அது செத்துவிட்டது என்ற பொருள்பட அவரே மேலிடத்துக்கு எழுதினார். ஒரு பொட்டலம் சோறு செய்த வேலை அது. உப்பு அள்ளியவர்கள் 100 பேர் என்றால், மரத்தில் பொட்டலம் கட்டியவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த 100 பேர் கும்பகோணத்தைக் கூடத் தாண்டியிருக்க முடியாது.

இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூண் அருகே உப்பு அள்ளி அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். அதே உப்பளங்களில் வேலை இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்பு அதிகம் விளைவது இங்கேதான். வரி போய்விட்டது, உழைப்பின் கடுமை போகவில்லை. கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை வெளியில், உப்பு நீரில் கால் வைத்து வாரும் வேலை. மழைக்காலம் வந்தால் அதுவும் நின்றுவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது உப்பளங்கள் சேற்றில் மூழ்கின. உப்பு வரியை ஒழித்த கதையைச் சொல்லும்போது, உப்பை வாருகிறவர்களையும் நாம் மறக்கக் கூடாது.

அடுத்த விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போனால் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் அங்கே போய் வாருங்கள். 2023 முதல் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் ஓடுகிறது. நினைவுத் தூணையும் வைரப்பன் தூணையும் பார்த்துவிட்டு, உப்பளத்தில் வேலை செய்பவர்களிடம் அனுமதி கேட்டு, ஒரு கைப்பிடி உப்பைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள். இதை எடுத்தால் ஒரு காலத்தில் ஜெயில் என்று சொல்லுங்கள். நம்ப மாட்டார்கள். அவர்கள் நம்ப முடியாத அளவுக்கு நாடு மாறியிருப்பதும் அந்த ஆண்டின் பலன்தான்.