பெயர்த்தியே பேத்தி

எனக்கு அப்பாயியின் பெயரான மீனாட்சியை வைத்தார்கள். மாமியார் பெயரை வாய்விட்டுச் சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். அதனால் வீட்டில் நான் 'ஆத்தா'. எவ்வளவு சேட்டை செய்தாலும், "போதும் ஆத்தா" என்பதோடு சரி, கை ஓங்கமாட்டார்.

பேத்தி என்ற சொல்லே 'பெயர்த்தி'யின் மரூஉதான். பாட்டியின் பெயரைத் தாங்குபவள்.

சோழர் அரண்மனையிலும் மூத்தவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. 1010-இல் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்த முதலாம் ராஜராஜன், அங்குள்ள கல்வெட்டில் தமக்கை குந்தவையை 'நம் அக்கன்' என்றே குறிக்கிறான். அவன் மகளுக்கும் அந்த அக்காவின் பெயர்தான். இளைய குந்தவை கீழைச் சாளுக்கிய விமலாதித்தனை மணந்தாள். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன், தாத்தாவின் பெயரைச் சுமந்து வேங்கியை ஆண்டான்.

உங்கள் வீட்டில் பெண் குழந்தை பிறந்தால், புதுப் பெயர் தேடுமுன் பாட்டியின் பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.